பழைய கணினிக்கு ஒரு மலிவான லேன் கார்டு: டிபி-லிங்க் டிஜி-3468

கடந்த ஐப்பசியில் மதுரை திருநகரில் இடியும் மின்னலுமாக மழை கொட்டிய ஓர் இரவுக்குப் பிறகு, எங்கள் வீட்டுக் கணினியில் இணையம் அடியோடு நின்றுபோனது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தம்பியின் ரவுட்டரிலிருந்து மொட்டைமாடி வழியாக இழுத்துவந்த கேபிளில் மின்னலின் தாக்கம் ஏறி, மதர்போர்டிலேயே அமைந்த லேன் போர்ட்டை, அதாவது இணையக் கேபிளைச் செருகும் துளையை, எரித்துவிட்டிருந்தது. பழுதுபார்க்கும் கடையில் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். கோர் 2 டுயோ பிராசசரும் 4 ஜிபி ராமும் கொண்ட அந்தக் கணினியில் மற்ற எல்லாமே ஒழுங்காக இயங்கும்போது அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்தப் போர்ட்டின் வேலையைச் செய்யும் தனி லேன் கார்டு ஒன்றைப் பொருத்தினாலே போதும் என்று முடிவு செய்தேன்.

சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில், பெட்டியில்லாமல் வெறும் உறையில் வைத்திருந்த கார்டு ஒன்றை ஜிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) கார்டு என்று சொல்லி 300 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பொருத்திய பின் வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றே காட்டியதால், அதைக் கழற்றிச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்புச் சிப்பின் மேல் ரியல்டெக் நிறுவனத்தின் நண்டுச் சின்னமும், அதன் கீழே ஆர்டிஎல்8139டி என்ற எண்ணும் பொடி எழுத்தில் இருந்தன. 8139 என்பது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகவே முடியாத பழைய சிப். வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் டிரைவர் எனும் இயக்கு மென்பொருள் நினைவகத்தில் ஒருமுறை நகலெடுக்க வேண்டியிருப்பதால், பிராசசருக்கும் அது கூடுதல் வேலை வைக்கிறது. லேன் கார்டு வாங்குபவர் கடைக்காரரின் வாய்மொழியை விட அந்தச் சிப்பின் எண்ணையே நம்ப வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது போர்டில் கார்டைச் செருகும் இடமான ஸ்லாட். பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் நீளமாக இருப்பது பழைய பிசிஐ. அதனருகில் விரற்கடை நீளத்துக்குக் குட்டையாக இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. பிசிஐ வழியின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 133 மெகாபைட். அதையும் எல்லாக் கார்டுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் முதல் தலைமுறையிலேயே ஒவ்வொரு திசைக்கும் 250 மெகாபைட் தனியாகக் கிடைக்கிறது. எட்டு பிட் ஒரு பைட் என்ற கணக்கில் முழு ஜிகாபிட் வேகத்துக்கு 125 மெகாபைட் தேவை என்பதால், குட்டை ஸ்லாட் இருக்கும் கணினியில் பிசிஐ கார்டை வாங்குவதில் பொருளே இல்லை. பிசிஐ மட்டுமே உள்ளவர்கள் 8139-ஐத் தவிர்த்து 8169 சிப் உள்ள கார்டைக் கேட்டு வாங்கலாம்.

எங்கள் போர்டில் குட்டை ஸ்லாட் இருந்ததால் டிபி-லிங்க் டிஜி-3468 வாங்கினேன்; ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. உள்ளங்கையில் அடங்கும் கார்டு. சிறிய கேபினட்டுகளுக்கான குட்டைத் தகடும் பெட்டியிலேயே இருக்கிறது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஸ்லாட்டில் படிந்திருந்த பல வருடத் தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டுப் பொருத்தினேன். எரிந்துபோன பழைய போர்ட்டை, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் முடக்கி வைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் கணினி தொடங்கும்போதே திணறக்கூடும். எங்கள் கணினியில் உள்ள லினக்ஸ் மின்ட் இயங்குதளம் கார்டை உடனே அடையாளம் கண்டுகொண்டது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் டிரைவரை வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் தயாராக வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கார்டு வேலை செய்யாமல் இணையத்திலிருந்து இறக்க வழியில்லை.

அப்படியும் முதலில் 100 எம்பிபிஎஸ்தான் காட்டியது. இம்முறை குறை கார்டில் இல்லை. மின்னலுக்குப் பின் புதிதாக இழுத்த கேபிளின் முனையில் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டுமே கிரிம்ப் செய்திருந்தார்கள், அதாவது செருகியில் அழுத்திப் பொருத்தியிருந்தார்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ததும் 1000 எம்பிபிஎஸ் வந்தது. தம்பியின் கணினியிலிருந்து 4 ஜிபி அளவுள்ள கல்யாணப் படங்களை எடுக்கப் பழைய கார்டில் ஆறு நிமிடம் பிடித்தது. இதில் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஆனது. இப்போது வேகத்துக்குத் தடையாக இருப்பது எங்கள் பழைய ஹார்டுடிஸ்க்தான். இணையத்துக்கு மட்டும் பயன்படுத்தி, இணைப்பும் 100 எம்பிபிஎஸ்ஸுக்குள் இருந்தால், இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேபினட்டைத் திறக்கத் தயங்குபவர்களுக்கு யூஎஸ்பி லேன் அடாப்டர் உண்டு. ஆனால் பழைய கணினிகளில் இருப்பது யூஎஸ்பி 2.0 என்பதால், அடாப்டர் ஜிகாபிட்டாகவே இருந்தாலும் 480 எம்பிபிஎஸ் என்ற ஏட்டு வேகத்தைத் தாண்டாது. மிகவும் மலிவான சிலவற்றின் உள்ளே யூஎஸ்பி 1.1 சிப் இருக்கிறது. அதன் உச்ச வேகம் வெறும் 12 எம்பிபிஎஸ். அந்த அடாப்டர்களை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.