ஏர் சஸ்பென்ஷனா, ஸ்டீல் ஸ்பிரிங்கா?

போர்ஷே கயென் கார், காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், ஸ்டீல் ஸ்பிரிங் என்று இரண்டு விதத்திலும் வந்திருக்கிறது. மதுரையில் பத்து வருஷம் ஓட்டுவதற்கென்றால் நான் ஸ்டீல் பக்கம்தான்.

ஏர் சஸ்பென்ஷனின் காற்றுப் பை ரப்பர் மடிப்பில் மேலூர் கல்குவாரித் தூசி படியும். சித்திரை வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஊசிமுனைக் கசிவு போதும், பைக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறிப் போய்விடும். பையோடு முடிய வேண்டிய செலவு அதற்கும் தாவும். ராத்திரி சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடுமூடியிலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்துக் குறித்துவையுங்கள். காலையில் ஒரு மூலை மட்டும் 10 மி.மீ. இறங்கியிருந்தால், அங்கே சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி வருகிறதா பாருங்கள்.

ஸ்டீலில் உயரத்தை ஏற்றி இறக்க முடியாது. தேய்வது இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும்தான். ஷாக்கை ஜோடியாகவே மாற்றி, அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.