ஈவிஓஹெச் விலைக்கு நைலான் ஃபிலிம்: ரோல் வாங்குகிறவர்கள் கவனிக்க

வறுத்த நிலக்கடலைக்கு 70 மைக்ரான் ஃபிலிம், நடுவே 4 மைக்ரான் ஈவிஓஹெச் (எத்திலீன் வினைல் ஆல்கஹால், கடலையைக் காறவைக்கும் ஆக்சிஜனைத் தடுக்கும் பிளாஸ்டிக்), 32 மோல் சதவீத எத்திலீன் கிரேடு. இப்படிப் பேசி, அதற்கான விலையும் கொடுத்து எடுத்த ஏழு லேயர் ரோலில் ஈவிஓஹெச் துளிகூட இல்லை. அந்த இடத்தில் நைலான் 6 ஓட்டியிருக்கிறார்கள். சாம்பிள் ரோல் சுத்தம், ஆர்டர் ரோல்தான் மோசம். கடலை காறிப்போன பிறகுதான் சந்தேகமே வந்தது.

"ஏழு லேயர்" என்றதும் மயங்க வேண்டாம். ஏழும் பாலிஎத்திலீனாக இருந்தாலும் அது ஏழு லேயர்தான்! எந்த லேயரில் என்ன ரெசின் (பிளாஸ்டிக் மூலப்பொருள்), எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள்.

20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் 4 மைக்ரான் ஈவிஓஹெச் வழியே சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் 2 சிசி ஆக்சிஜன் போகும். அதே கனத்தில் நைலான் 6 அதைப்போல நூறு மடங்கு விடும். கையில் பிடித்துப் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

பலரும் நம்புவது அயோடின் சோதனையை. ஃபிலிமை பிளேடால் சாய்வாக வெட்டி, டிங்சர் அயோடினில் நனைத்து, கழுவி, லென்ஸில் பார்த்தால் நடுவில் பழுப்புக் கோடு தெரியும். ஆனால் நைலானும் அயோடினைப் பிடிக்கும். கோடே இல்லையென்றால் ஃபிலிம் போலி. கோடு இருக்கிறது என்பதால் மட்டும் அது ஈவிஓஹெச் ஆகிவிடாது.

லேபில் டிஎஸ்சி (சூடாக்கி, எந்தப் பிளாஸ்டிக் எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று பார்க்கும் சோதனை) கேளுங்கள். 32 கிரேடு ஈவிஓஹெச் 183 டிகிரியில் உருகும், நைலான் 6 220-ல். இந்த ரோலின் கிராஃபில் பாலிஎத்திலீன் மேடும் 220-ல் ஒரு மேடும் மட்டுமே, 183-ல் ஒன்றுமில்லை. நைலான் 6/66 கோபாலிமர் என்றால் அது உருகுவதும் ஈவிஓஹெச்சுக்குப் பக்கத்திலேயே, அதனால் எஃப்டிஐஆரும் (அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும் சோதனை) வேண்டும்: அலை எண் 1640, 1540 இரண்டிலும் பீக் வந்தால் உள்ளே நைலான் இருக்கிறது. ஃபிலிமின் மேல்பரப்பில் வைத்து எடுத்தால் பாலிஎத்திலீன்தான் காட்டும், வெட்டுமுகத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

கூட வந்த ஆக்சிஜன் ரிப்போர்ட்டும் சாம்பிள் ரோலுடையது, அதுவும் உலர் நிலையில் எடுத்தது. ஈவிஓஹெச் ஈரம் குடித்தால் தடுப்பு சரியும். ஈரமான பண்டம் கட்டுகிறவர்கள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி ஆக்சிஜனை அளக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்1927 முறையில், தங்கள் ஈரப்பதத்தில் எடுத்த எண்ணைக் கேட்க வேண்டும்.

ரோலுக்கு ஒரு மீட்டர் முழு அகலத்தில் வெட்டி, ரோல் எண் எழுதி வையுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் ரெசின் பெயர், கிரேடு, மைக்ரான் மூன்றும் இருக்கட்டும். இந்த ஆர்டரில் இருந்தது "7 லேயர் பேரியர் ஃபிலிம்", அதாவது தடுப்பு ஃபிலிம், என்பது மட்டுமே. சண்டைக்குப் போனதும் சப்ளையர் சொன்ன பதில்: "நைலானும் பேரியர்தானே சார்."