ஷெஃபீல்டு மடக்குக் கத்தி: லாம்ஃபுட்டா, ஈட்டிமுனையா, பேனாக்கத்தியா?

இங்கிலாந்தில் கத்தி ஆர்வலர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு வானிலையில் தொடங்கும், சீக்கிரமே பைக்குள் கை போகும். "இன்று எது?" என்பதுதான் கேள்வி. வீட்டில் இழுப்பறை நிறையக் கத்தி இருக்கலாம், ஆனால் அன்றாடம் கால்சட்டைப்பையில் இடம்பிடிப்பது ஒன்றுதான். லாம்ஃபுட், ஈட்டிமுனை, பேனாக்கத்தி என்ற மூன்று ஷெஃபீல்டு வடிவங்களில் அந்த ஒன்று எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்தப் போட்டியின் எல்லையைச் சட்டமே வரைந்து வைத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியை எந்தக் காரணமும் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். திறந்ததும் பூட்டிக்கொள்ளும் வகை இந்தச் சலுகைக்குள் வராது என்று நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே எஞ்சுவது பாட்டன் காலத்து ஏற்பாடு: முதுகில் ஒரு எஃகு வில், அதன் இறுக்கத்தில் நிற்கும் அலகு, பூட்டு கிடையாது. பழமை விரும்பிகளுக்கு இதைவிட இதமான சட்டம் வேறென்ன வேண்டும்! (விமான நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எடுத்துப்போகலாம் என்று நான் சொன்னதாக யாரும் வாதாட வேண்டாம்.)

வட இங்கிலாந்தின் கத்தி நகரமான ஷெஃபீல்டில் கத்தி செய்வோரின் சங்கமான கட்லர்ஸ் கம்பெனி 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவானது. கத்தி நிறுவனமான ஜோசஃப் ராட்ஜர்ஸின் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் 1682ஆம் ஆண்டு முத்திரை. இன்னொரு நிறுவனமான ஜார்ஜ் வாஸ்டன்ஹோமின் ஐ.எக்ஸ்.எல். முத்திரை அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டது. இந்த இரண்டு பழைய பெயர்களும் இன்று எகிண்டன் என்ற நிறுவனத்தின் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அவற்றுடன் 1947இல் தொடங்கிய ஏ. ரைட் அண்ட் சன்னையும், தனியாளாகப் பட்டறை நடத்தும் ஓரிருவரையும் சேர்த்தால் ஷெஃபீல்டின் மரபுக் கத்தி உலகம் ஏறக்குறைய முடிந்துவிடும். தனியாகத் தொழில் செய்பவரை அந்த ஊர்ப் பேச்சில் 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள், அதாவது சின்ன முதலாளி. அந்த மரபின் பெருங்கலைஞரான ஸ்டான் ஷா 2021இல் மறைந்தார்.

சரி, போட்டிக்கு வருவோம்.

லாம்ஃபுட் என்றால் ஆட்டுக்குட்டியின் பாதம். அலகின் வெட்டும் பக்கம் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல நேராக இருக்கும், முதுகு மட்டும் மெல்லச் சரிந்துவந்து முனையில் அதைத் தொடும். இதன் அண்ணனான ஷீப்ஃபுட்டில் முதுகு கடைசிவரை நேராக வந்து சட்டென்று குப்புற விழும். வார்ன்க்ளிஃப் என்றொரு பிரபுவின் பெயரைத் தாங்கிய மூன்றாவது வகைக்கும் நேர்விளிம்புதான், ஆனால் அதன் முனை ஊசிபோல மெலிந்துவிடும். லாம்ஃபுட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வட இங்கிலாந்தின் உழைப்பாளர் பைகளில் வளர்ந்த வடிவம் இது. அமெரிக்கர்கள் ஷெஃபீல்டிலிருந்து எத்தனையோ வடிவங்களை எடுத்துக்கொண்டு தமதாக்கினார்கள், இதை ஏனோ பெரிதாகச் சீண்டவில்லை.

நேர்விளிம்பின் அருமை சாணைக்கல்லில் தெரியும். வளைந்த அலகைத் தீட்டும்போது மணிக்கட்டை வளைவுக்கேற்பத் தூக்கிக்கொண்டே போக வேண்டும், கொஞ்சம் பிசகினால் முனைப்பக்கம் மழுங்கிவிடும். லாம்ஃபுட்டில் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கல்லில் படியும். ஐந்து நிமிடத்தில் தாளை ஓசையில்லாமல் அறுக்கும் பதம் வந்துவிடும். பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, அட்டையைக் கோடு பிடித்து வெட்ட இதற்கு ஈடு கிடையாது. முனை விளிம்பின் மட்டத்திலேயே இருப்பதால் எங்கே வைக்கிறோமோ அங்கிருந்து வெட்டு தொடங்கும். குத்தும் தோற்றம் இல்லாததால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பதும் குறைவு. இன்றைய இங்கிலாந்தில் இதைச் சிறிய நன்மை என்று ஒதுக்க முடியாது.

ஆனால் சாப்பாட்டு வேளையில் லாம்ஃபுட் படுத்தும். ரொட்டியில் வெண்ணெய் தடவிப் பாருங்கள், நேர்விளிம்பு வழித்து எடுக்குமே தவிரப் பரப்பாது. தட்டில் வைத்து எதையாவது நறுக்கினால் முனைதான் முதலில் பீங்கானில் இடிக்கும், அன்று மாலை மீண்டும் சாணைக்கல்.

இந்த இடத்தில்தான் ஈட்டிமுனை வெல்கிறது. முதுகும் விளிம்பும் இருபுறமிருந்தும் வளைந்து நடுவில் சந்திக்கும் அலகு இது. அந்த வளைவுக்கு ஒரு வயிறு உண்டு. அதனால் பலகையில் வைத்து உருட்டி நறுக்கலாம், வெண்ணெய் தடவலாம், ஆப்பிளின் விதைக்கூட்டைத் தோண்டி எடுக்கலாம். மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு மலையேறப் போகிறவருக்கு நான் லாம்ஃபுட்டைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஈட்டிமுனையில் பார்லோ என்றொரு தடித்த வகை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு ஷெஃபீல்டில் பார்லோ குடும்பத்தாரால் பெயர்பெற்றது. கைப்பிடியின் முன்பாகத்தில் நீளமான இரும்புக் கவசம் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். மலிவான கத்திதான், ஆனால் அதிகம் பாடுபடும் மூட்டுப்பகுதிக்கு அந்தக் கவசம் வலுக்கொடுத்தது. அமெரிக்காவுக்குப் போய் அந்த நாட்டுச் சிறுவர்களின் கத்தியாகவே அது மாறிவிட்டதால், அதன் பிறந்தகம் ஷெஃபீல்டு என்று சொன்னால் சிலர் சண்டைக்கே வருவார்கள்.

ஈட்டிமுனையின் குறை என்ன? எல்லாவற்றையும் செய்யும், எதிலும் மிஞ்சாது. கோடு பிடித்து வெட்டும்போது முனை மேலே நிற்பதால் அது எங்கே போகிறதென்று கண் பின்தொடர வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பேனாக்கத்தி. தமிழில் இந்தச் சொல்லை நாம் யோசிக்காமலே புழங்குகிறோம். இறகைச் சீவி எழுதுமுனை ஆக்குவதற்காகப் பிறந்த கத்தி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமின் எஃகு நிப்புகள் இறகை ஓய்வுக்கு அனுப்பிய பிறகும் கத்தி மட்டும் பையில் தங்கிவிட்டது. இரு முனைகளிலும் சிறியதும் பெரியதுமாக இரண்டு மெல்லிய அலகுகள், விரல் பருமன்கூட இல்லாத உடல். கோட்டுப் போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறவருக்கு ஏற்றது. பையில் இருப்பதே தெரியாது. கடிதம் பிரிக்கும், பென்சில் சீவும், நூல் அறுக்கும். தடித்த கயிற்றை அதனிடம் கொடுத்தால் உள்ளங்கைதான் வலிக்கும். அழகுக்குப் பரிசு கொடுக்கச் சொன்னால் இதற்கே கொடுப்பேன், ஆனால் ஒரே கத்திதான் என்றால் இதை எடுக்க மாட்டேன்.

கயிறு பிரிக்கும் முள்ளோடு வரும் ராணுவக் கத்தியையும் சிலர் அன்றாடம் சுமக்கிறார்கள். அவர்களுடைய கால்சட்டைப்பையின் தையல் உறுதியாக இருக்கட்டும்.

வடிவத்துக்கு அடுத்த சண்டை உலோகம். துருப்பிடிக்காத எஃகு ஷெஃபீல்டிலேயே 1913இல் ஹாரி பிரியர்லியின் கையில் உருவானது. அந்த ஊர்க் கத்திக்காரர்களே ஆரம்பத்தில் அதை மதிக்கவில்லை. இன்றும் ஆர்வலர்களில் பெரும்பாலோர் கார்பன் எஃகுப் பக்கம்தான், நானும் அந்தக் கட்சி. ஆப்பிள் வெட்டினால் நீலமாகும், வெங்காயம் வெட்டினால் கறுக்கும், சில மாதங்களில் அலகின் மேல் சாம்பல் நிறப் படலம் ஒன்று படியும். அந்தப் படலம் துரு ஏறுவதை ஓரளவு தடுக்கவும் செய்கிறது. ஆனால் எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்காமல் மடக்கினால் மறுநாள் காலையில் செம்புள்ளிகள் வரவேற்கும். மறதிக்காரர்கள் துருப்பிடிக்காத எஃகை வாங்குவதில் எந்த அவமானமும் இல்லை.

கைப்பிடியில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஷெஃபீல்டின் பழைய கத்திகளில் 'ஸ்டாக்' என்று போற்றப்படும் கொம்பில் பெரும்பகுதி இந்திய மிளாவின் கொம்பு. காட்டில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கிக் கப்பலேற்றினார்கள். மற்ற மான்களின் கொம்பைவிட இது உள்ளே கெட்டியானது, அறுத்துப் பட்டையாக்கினால் சொரசொரப்பு நீங்காது. 1990களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தபின் அது அருகிவிட்டது, பழைய சரக்குக்கு விலை எகிறிவிட்டது. ஈரக்கையிலும் வழுக்காது என்பது அதன் பெருமை. எருமைக்கொம்பு கறுத்துப் பளபளக்கும், ஆனால் வறட்சியில் சுருங்கி ஓரங்களில் பிடிக்கு உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு துருத்திக்கொள்ளும். தினமும் சாவிக்கொத்தோடு உரசப்போகிற கத்திக்கு நான் ரோஸ்வுட்டையே தேர்ந்தெடுப்பேன். நம் தோதகத்திக்கு உறவான மரம் அது, கைபடக் கைபட மெருகேறும்.

வாங்குகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. கையால் தேய்த்துப் பொருத்தப்படும் கத்திகள் ஒன்றுபோல இருக்காது. நான் ஆசையாகத் தபாலில் வரவழைத்த முதல் கத்தியின் அலகு மடங்கும்போது ஒரு பக்கத் தகட்டை உரசியது. வெண்ணெயையும் யோசித்துத்தான் வெட்டியது. திருப்பி அனுப்பியிருக்கலாம். சாணைக்கல்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டேன். முடிந்தால் நேரில் போய் மூன்று நான்கைத் திறந்து மூடிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே கீற்று தெரியக்கூடாது. மூடும்போது 'டக்' என்று ஒரே சொல்லில் பேச வேண்டும், முனகக்கூடாது. நகத்தை உடைக்கும் அளவுக்கு வில் இறுகியிருந்தால் அது உறுதிக்கு அடையாளம் என்று கடைக்காரர் சொல்வார். நம்ப வேண்டாம், அப்படிப்பட்ட கத்தியை நாம் திறக்கவே மாட்டோம்.

வாரத்தில் ஆறு நாள் என் பையில் இருப்பது ரோஸ்வுட் பிடி போட்ட கார்பன் எஃகு லாம்ஃபுட். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துப் போகும்போது ஈட்டிமுனைக்கு மாறிவிடுகிறேன். அந்த வெண்ணெய் விஷயத்தில் மட்டும் லாம்ஃபுட்டுக்காக என்னால் வாதாட முடியவில்லை.