கும்பகோணத்தில் வீட்டுக்கு வரும் பத்தியச் சாப்பாடு: குழம்பு பிரமாதம், முட்டையைக் கேட்டு வாங்குங்கள்

மகளுக்கு ஆபரேஷன் பிரசவம். எனக்கோ பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், லீவு கிடையாது. தாராசுரம் பக்கம் பிள்ளை பெற்றவர்களுக்கென்றே சமைத்து அனுப்பும் ஓர் அம்மாவிடம் சொல்லிவைத்தோம். ஒரு நாளைக்கு 350 ரூபாய், இரண்டு வேளை, நாலடுக்கு கேரியர்.

பூண்டுக் குழம்பில் ஒரு குறை சொல்ல முடியாது. நாட்டுப்பூண்டை முழுசாக நல்லெண்ணெயில் வதக்கி, புளியைக் குறைத்து, மிளகாய்க்குப் பதில் மிளகு. விரலால் தொட்டாலே பூண்டுப் பல் மசிந்துவிடுகிறது. நாகப்பட்டினத்துப் பால் சுறாவில் புட்டும் உண்டு. தோலின் நறநறப்பு வாயில் தட்டவே இல்லை.

ஆனால் குழம்பு தாராளம், புட்டு இரண்டே ஸ்பூன். தையல் போட்ட வயிறு ஆறப் புரதம் வேண்டும், வைட்டமின் சியும் துத்தநாகமும் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் தினமும் 600 கலோரியும் சுமார் 17 கிராம் புரதமும் கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்). முட்டையும் பழமும் சேர்த்து அனுப்பக்கூடாதா என்று சமைக்கும் அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டேன். "பச்சை உடம்புக்குச் செரிக்காதும்மா" என்றார். முட்டை சூடாம், பழம் குளிர்ச்சியாம், தண்ணீர் நிறையக் குடித்தால் தையல் சீழ் வைக்குமாம். பால் கொடுப்பவளைத் தாகத்தில் வைத்தால் மலம் இறுகும், முக்கும்போது வலிப்பது அதே தையல்தான். வாதாடிப் பயனில்லை. "டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று ஒரு வார்த்தை போட்டேன். மறுநாளே இரண்டு அவித்த முட்டை, பாசிப்பருப்புக் கூட்டு, முருங்கைக்கீரை எல்லாம் வந்தன! கொய்யாவும் நெல்லிக்காயும் மட்டும் நாங்களே வாங்கிக்கொண்டோம்.

ஃபிளாஸ்க்கில் டிகிரி காபியும் வரும். நம் ஊர்க் காபியைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் பிரசவத்துக்குப் பின் 180 நாள் போடும் இரும்புச்சத்து மாத்திரையை அதோடு விழுங்காதீர்கள். காபி இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தையல் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ பத்தியத்தை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

லேகியத்துக்குத் தனிக் காசு. வெல்லம் தூக்கல், அதனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் போன் செய்ய வேண்டும். சுவாமிமலை வரைதான் கேரியர் வரும்; பாபநாசத்துக்காரர்கள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.