வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கு மரப் பரிசுகள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் பக்கம், வீட்டுக்கு வந்த குழந்தையை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. ஊர் மாரியம்மன் நோம்பிக்கும் கோடை விடுமுறைக்கும் கோவை, திருப்பூர், சென்னை, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்து உறவுக்காரக் குழந்தைகள் ஈரோடு மாவட்டத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சில ஆண்டுகளாக அவர்களுக்குக் கையால் செய்த மரப்பொருட்களையே கொடுத்து வருகிறேன். பிறகு அந்த வீடுகளுக்குப் போகும்போதெல்லாம், கொடுத்த பொருள் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிடுவதும் உண்டு. வாங்கும்போது அழகாகத் தெரிந்த பல பொருட்கள் ஓராண்டுக்குள் பரணுக்குப் போய்விட்டன. சாதாரணமாகத் தெரிந்த சில இன்னும் குழந்தைகளின் கையில் இருக்கின்றன. இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் வடிவம் அல்ல, மரத்தின் தேர்வும் மேற்பூச்சும்தான் என்பது நான் கண்டது.

மரத்தில் எங்கள் தச்சு ஆசாரியார் முதலில் சொல்வது பூவரசைத்தான். “பூவரசுல செஞ்சா லேசுல வெடிக்காதுங்க அம்மிணி. வைரம் பார்த்து எடுத்துட்டா உளுவும் கிட்ட வராதுங்க” என்பார். வைரம் என்பது மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான பகுதி, உளு என்பது மரத்தைத் துளைக்கும் பூச்சி. இதுவரை கொடுத்த பூவரசுச் சாமான்களில் அவருடைய சொல் பொய்க்கவில்லை. மரத்தின் வெளிப்புறமுள்ள வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து தங்குவதால், கட்டையைத் துளைக்கும் வண்டு அங்கேதான் முட்டையிடுகிறது. பொம்மைக்கு அடியில் மெல்லிய தூள் கொட்டிக் கிடந்தால் உளு விழுந்துவிட்டது என்று பொருள். கதவு, சன்னல் செய்யும் பட்டறைகளில் மிஞ்சும் தேக்குத் துண்டுகளும் நல்லவை. அவை ஏற்கெனவே நன்கு காய்ந்தவை என்பதே பெரிய வசதி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னங்கட்டை தாராளமாகக் கிடைக்கிறது என்றாலும், அதன் கடினமான நார்கள் எளிதில் சிலாம்பாகப் பிரிவதால் சிறு குழந்தைகளுக்கு அதை நான் தேர்ந்தெடுப்பதில்லை. இடித்த பழைய வீட்டின் உத்தரமும் சட்டமும் அருமையான மரம்தான். ஆனால் பழைய பெயிண்ட் ஏறிய மரத்தை அறவே தவிர்க்கிறேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூளாகிக் காற்றிலும் கலக்கும்.

மேற்பூச்சில்தான் ஆசாரியாரோடு அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் பெரும்பாலான பட்டறைகளில் வார்னிஷ் அடித்துப் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தை எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்க்கும் என்பதால், பூச்சு உரிந்தால் அது வயிற்றுக்குள் போகும். இணையத்தில் வாங்கிக் கொடுத்த வண்ண மர ரயில் ஒன்றின் சிவப்புப் பூச்சு, பல் பட்ட இடமெல்லாம் சில மாதங்களிலேயே செதில் செதிலாகப் பெயர்ந்தது. அதற்குப் பிறகு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் பூசிய பொருட்களையே கொடுக்கிறேன்.

எந்த எண்ணெய் என்பது முக்கியம். காங்கயத்துத் தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கும்போது வேறு எதற்கு என்று பெரியவர்கள் கேட்பது இயல்பே. ஆனால் தேங்காய் எண்ணெய் மரத்தில் காய்ந்து இறுகுவதில்லை. தூசி படிந்து பிசுபிசுக்கிறது, நாளாக ஆகச் சிக்கு வாடை வருகிறது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல இறுகும் தன்மையுடையது. ஹார்டுவேர் கடையில் ‘டபுள் பாயில்ட்’ என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கும். ஆகவே உணவுக்குப் பயன்படும், எதுவும் கலக்காத ஆளிவிதை எண்ணெயை வாங்கிப் பூசுகிறோம். அது காய வாரக் கணக்கில் ஆகும், பொறுத்துத்தான் ஆக வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும் என்பதால், விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

இழைப்பில் ஒரு நுட்பத்தை இங்கே சொல்ல வேண்டும். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய கட்டையை ஆசாரியார் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் வைக்கிறார். காய்ந்ததும் விரலை ஓட்டினால், படுத்திருந்த நார்கள் எழுந்து நின்று கட்டை சொரசொரப்பாகியிருக்கும். அதன்மேல் நைசு உப்புத்தாளை மீண்டும் மெதுவாக ஓட்டிய பிறகுதான் எண்ணெய் பூசுகிறார். இதைச் செய்யாத பொருள், குழந்தையின் எச்சில் பட்டதும் சொரசொரத்துவிடுகிறது. செய்த பொருள் ஆண்டுகள் கழித்தும் வழவழப்பாகவே இருக்கிறது. அரை மணி நேரம் கூடப் பிடிக்காத இந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி பொருட்கள். நடக்கப் பழகும் குழந்தைக்கு நடைவண்டியை விடப் பொருத்தமான பரிசை நான் பார்த்ததில்லை. ஆனால் பாட்டி காலத்து வண்டி மண்வாசலுக்கும் சாணம் மெழுகிய தரைக்கும் ஏற்றது; இன்றைய டைல்ஸ் தரையில் அது குழந்தையை முந்திக்கொண்டு ஓடிவிடும். சக்கரங்களைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையாக ஒட்டிக் கொடுத்தபின் வேகமும் சத்தமும் சேர்ந்தே குறைந்தன. சக்கரத்தைக் கிளையைக் குறுக்காக அறுத்த வில்லையில் செய்யக் கூடாது. மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், அப்படிப்பட்ட வில்லை விளிம்பிலிருந்து மையம் நோக்கிப் பிளக்கும். பலகையிலிருந்து வெட்டிக் கடைசல் பிடித்த சக்கரம் பிளப்பதில்லை. சென்னைக்குப் போன வண்டி ஒன்றின் சக்கரங்கள் ஐப்பசி மழையில் உப்பி அச்சில் இறுகிக்கொண்டன. இப்போது துளையைச் சற்றுத் தாராளமாகப் போடச் சொல்கிறேன். இரும்பு அச்சின் முனையில் ஆணி அடித்து மடக்காமல், மாட்டுவண்டியில் இருப்பது போலக் கடையாணி வைக்கச் சொன்னது மிகவும் பயன்பட்டது. கழற்றி மாட்ட முடிகிற வண்டியைப் பழுது பார்க்க முடிகிறது. அதனால்தான் ஒரே வண்டி அண்ணனிடமிருந்து தங்கைக்கும், அங்கிருந்து சித்தப்பா வீட்டுக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வண்டியை மூன்று குழந்தைகள் ஓட்டிவிட்டார்கள் என்று கேட்கும்போது உண்மையாகவே மனம் நிறைகிறது.

நீண்ட காலம் விளையாட்டில் நிலைத்த இன்னொரு பொருள், எந்த வேலைப்பாடும் இல்லாத கட்டைகள். கனத்தைப் போல் அகலம் இரு மடங்கு, அகலத்தைப் போல் நீளம் இரு மடங்கு என்ற அளவில் தேக்குத் துண்டுகளை அறுத்து, முனைகளை உருட்டி, சென்னிமலைக் கைத்தறித் துணியில் தைத்த பையில் போட்டுக் கொடுக்கிறேன். அளவு ஒத்துப்போவதால் எதன்மேல் எதை வைத்தாலும் சரியாக உட்காரும். இரண்டு வயதில் அடுக்கித் தள்ளியவன், ஏழு வயதில் அதே கட்டைகளால் கிணறும் தொட்டியும் மாட்டுக் கட்டுத்தரையும் கட்டுகிறான். எதையும் செய்து காட்டாத பொருள் என்பதால்தான் குழந்தைக்கு அது சலிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

காங்கயம் காளை பூட்டிய சிறு வண்டியை எல்லோரும் ஆசையாக வாங்குகிறார்கள், கொம்புதான் முதலில் ஒடிகிறது. தலையும் கொம்பும் ஒரே கட்டையில் செதுக்கப்படும்போது கொம்பில் மரத்தின் நார் குறுக்காக ஓடுவதே காரணம். நீளவாக்கு நாரில் கொம்பைத் தனியாகச் செதுக்கி, தலையில் துளையிட்டுச் செருகச் சொன்னால் இந்தக் குறை தீர்கிறது. ஆயினும் முனை மழுங்கலாக இருக்க வேண்டும். ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இழுகயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

சொப்புச் சாமானை மூன்று வயதுக்குப் பிறகே கொடுக்க வேண்டும். சிறு குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் அடைக்கக் கூடும், சொப்பு மூடிகளும் கரண்டிகளும் எளிதாக அடங்கிவிடுகின்றன. அம்பாசமுத்திரம், கர்நாடகத்தின் சென்னபட்டணா ஆகிய ஊர்களின் கடைசல் பொருட்களில், சுழலும் கட்டையின்மேல் நிறமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் சூட்டிலேயே உருகி ஒட்டச் செய்கிறார்கள். சென்னபட்டணாவில் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவதும் உண்டு. இந்தப் பூச்சு நல்லதுதான், ஆனால் அரக்கு ஆல்கஹாலில் கரையும். கொரோனா காலத்தில் ஒரு வீட்டில் சொப்பையெல்லாம் சானிடைசர் ஊற்றித் துடைக்க, நிறம் முழுவதும் துணிக்கு வந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

பல்லாங்குழிப் பலகை பள்ளி செல்லும் குழந்தைக்கு நல்ல பரிசு. அத்தையும் அம்மாயியும் சேர்ந்து உட்கார்ந்து ஆடும் ஒரே பொருளும் அதுதான். அதனுடன் குன்றிமணியைக் கொடுக்காதீர்கள், அது கடும் நஞ்சு. மஞ்சாடியோ புளியங்கொட்டையோ போதும், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அவற்றையும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். ஆணி வைத்த பம்பரம் சாட்டையோடு எட்டு வயதுக்கு மேல்.

14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கும் அதில் விலக்கு உண்டு. ஆகவே கைவேலைப் பொருளில் முத்திரை இல்லாதிருப்பதே ஒரு குறை ஆகிவிடாது; ஆனால் விளிம்பு, பூச்சு, கழன்று விழும் பாகம் ஆகியவற்றைக் கொடுக்கும் நாமே சோதித்தாக வேண்டும். இழுத்து, திருகி, இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்த பிறகே நான் பையில் வைக்கிறேன்.

செலவில் மரத்தை விடக் கூலிதான் அதிகம், அதில் பேரம் பேசுவதில்லை. சித்திரை விடுமுறைக்குத் தேவையென்றால் தை மாதத்திலேயே ஆசாரியாரிடம் சொல்லிவிட வேண்டும். பங்குனியில் சொன்னால் கல்யாண வீட்டுக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பிறகுதான் நம் வேலை வரும், பூசிய எண்ணெய் காயவும் நாள் இருக்காது.