டாட்ஜ், பர்ன்: ஆறு வருடம் பழகிய பிறகு

படத்தில் வேண்டிய இடத்தை மட்டும் வெளிச்சமாக்குவது டாட்ஜ், இருட்டாக்குவது பர்ன். இருட்டறையில் படம் அச்சிட்ட காலத்திலிருந்தே இருக்கும் வேலை இது. கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டைத் தாளுக்கு மேலே பிடித்து மெல்ல ஆட்டினால், அதன் நிழல் விழும் இடத்தில் ஒளி குறையும். அச்சில் அந்த இடம் வெளுப்பாக வரும். மற்ற இடத்தைக் கையால் மறைத்து ஓரிடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டினால் அங்கே கறுக்கும். போட்டோஷாப்பில் இந்தக் கருவிகளின் படங்களே அந்தக் கம்பி அட்டையும் குவித்த கையும்தான்.

முதல் வருடம் முழுக்க நேராகப் படத்தின் மேலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன். கருவி எவ்வளவு அழுத்தமாக வேலை செய்யும் என்பதற்கான எக்ஸ்போஷர் அளவு தானாகவே 50%-ல் நிற்கும்; முகத்துக்கு அது மிக அதிகம். சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பாட்டியை எடுத்த படம் ஒன்று. கண்குழி இருட்டாக இருக்கிறதே என்று இருண்ட பகுதிகளைக் குறிவைக்கும் ஷேடோ அமைப்பை வைத்து நாலு இழுப்பு இழுத்தேன். தோலின் நிறம் போய், திருநீறு பூசியதுபோல் சாம்பல் படர்ந்துவிட்டது. அதே ஃபைலிலேயே சேமித்தும் விட்டேன். அந்த நிழல் திரும்பவே இல்லை.

அப்புறம்தான் சாம்பல் லேயருக்கு மாறினேன். லேயர் என்பது படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித் தாள் மாதிரி, கீழே இருக்கும் படம் கெடாது. புது லேயர், அது கீழிருக்கும் படத்தோடு கலக்கும் விதம், அதாவது மோடு, சாஃப்ட் லைட், நிரப்புவது 50% சாம்பல். அந்தச் சாம்பல் படத்தில் எதையும் மாற்றாது. அதன் மேல் வெள்ளைப் பிரஷ் ஓடினால் வெளிச்சம், கறுப்பு ஓடினால் இருட்டு. தவறிய இடத்தில் மறுபடி சாம்பலைப் பூசினால் சரியாகிவிடும். ஒரு இழுப்பில் பிரஷ் எவ்வளவு நிறம் விடும் என்பதற்கான ஃப்ளோவை 3 முதல் 5% வரைதான் வைப்பேன். ஒரு இழுப்பில் ஒன்றும் தெரியாது, பத்தாவதில் கன்ன எலும்பு எழும்பி வரும்.

கண்ணுக்கு இன்று நான் செய்வது ரொம்பக் கொஞ்சம். விழியில் ஒளிப்புள்ளி மேலே இருந்தால், அதற்கு எதிரே கருவிழியின் கீழ்ப் பாதியை மட்டும் லேசாக வெளுக்கிறேன். வெண்விழியைத் தொடுவதில்லை, அதை வெளுத்தால் பார்வை பொம்மைப் பார்வையாகிவிடும்.

இந்த முறையிலும் குறை உண்டு. தோலை இருட்டாக்கும்போது நிறம் அழுத்தமாகிச் சிவப்பு ஏறும். அந்த மாதிரி இடங்களில் வெளிச்ச அளவைத் திருத்தும் கர்வ்ஸ் லேயரை, நிறத்தை விட்டு வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லூமினாசிட்டி மோடில் வைத்து, அது எங்கே தெரிய வேண்டும் என்பதை முடிவுசெய்யும் மாஸ்க்கில் வரைகிறேன். நிறம் அவ்வளவாக ஓடாது. முழுக்க வெளுத்துப்போன வானத்துக்கு மட்டும் எந்த வழியும் இல்லை. அங்கே விவரமே பதிவாகவில்லை, பர்ன் செய்தால் அழுக்குச் சாம்பல்தான் மிஞ்சும். சாயங்கால வானம் போல நிறம் மெல்ல மாறும் இடத்தை 16 பிட்டில் திருத்துவது நல்லது. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே இருப்பதால் பட்டை பட்டையாக உடைந்து தெரியும்.

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளிலும் இரண்டு கருவிகளும் உண்டு, கன்ட்ரோல் விசையைப் பிடித்தால் ஒன்று மற்றொன்றாக மாறும். 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 16 பிட்டும் கிடைக்கிறது. அங்கேயும் நான் தனி லேயரில்தான் வரைகிறேன்.

முடித்த படத்தை அன்றே யாருக்கும் அனுப்புவதில்லை. மறுநாள் காலை லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தால், முந்தைய இரவு போதவில்லை என்று தோன்றியதே அதிகமாகத் தெரியும். அனேகமாக லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பதற்கான ஓபாசிட்டியை 60, 70%-க்கு இறக்கிவிட்டுத்தான் சேமிக்கிறேன்.