ஜட்ஜ் புட்டர்: எந்தப் பிளாஸ்டிக்கில் வாங்குவது?

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்துக்காக டைனமிக் டிஸ்க்ஸ் நிறுவனம் விற்கும் ஜட்ஜ் என்னும் புட்டர் வட்டை வாங்கப் போகிறவருக்கு முதலில் எழும் குழப்பம் அதன் வடிவத்தைப் பற்றியதல்ல, பிளாஸ்டிக்கைப் பற்றியது. கிளாசிக், கிளாசிக் பிளெண்ட், கிளாசிக் சாஃப்ட், பிரைம், லூசிட், ஃபியூஷன் என்று ஒரே பெயருள்ள வட்டு பல பொருள்களில் விற்கப்படுகிறது. விலையும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறி இறங்குகிறது. முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கூடைக்கு அருகில் நின்று போடுவதற்குக் கிளாசிக் பிளெண்ட் வாங்குங்கள். முதல் வீச்சைத் தொடங்கும் இடமான டீயிலிருந்தும் நடு வழியிலும் வீசுவதற்கு லூசிட் அல்லது ஃபியூஷன் வாங்குங்கள். கிளாசிக் சாஃப்டுக்கு இருக்கும் புகழ் அதன் தகுதிக்கு மேற்பட்டது என்பது என் கருத்து.

டிஸ்க் கோல்ஃப் ஆடிப் பழகாதவர்களுக்காக ஒரு விளக்கம். பந்துக்குப் பதிலாக வட்டை வீசி, கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் அதை விழச் செய்வதே இந்த ஆட்டம். கடைசியாகக் கூடையை நோக்கிப் போடும் வீச்சுக்குப் புட் என்று பெயர்; அதற்கென்று இருப்பது புட்டர். நெடுந்தொலைவு வீசும் வட்டான டிரைவரைப் போல விளிம்பு கூர்மையாக இருக்காது. தடித்து, உருண்டு, மெதுவாகப் பறப்பதற்கென்றே செய்யப்பட்டிருக்கும். கூடையிலிருந்து 10 மீட்டர் தூரத்துக்குள் நின்று போடும்போது, வட்டை விட்ட பிறகும் நிலை தடுமாறாமல் நின்று காட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே அங்கே கையின் பிடிப்பும் விடுபடும் நேர்த்தியும்தான் எல்லாம்.

டைனமிக் டிஸ்க்ஸ் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள எம்போரியா நகரத்து நிறுவனம். அதன் வட்டுகளை ஸ்வீடனின் ஷெலெஃப்டியோ நகரிலுள்ள லாட்டிட்யூட் 64 ஆலை வார்த்துத் தந்து வந்திருக்கிறது. ஜட்ஜின் பறத்தல் எண்கள் 2, 4, 0, 1: வேகம் குறைவு, மிதப்பு அதிகம், நேராகச் சென்று முடிவில் சற்றே இடப்பக்கம் சாயும். இது வலக்கைக்காரர் பின்கையால் வீசும்போதைய கணக்கு. விளிம்பின் அடிப்பகுதியில் பீட் எனப்படும் மெல்லிய புடைப்பு ஒன்று சுற்றி ஓடுகிறது. சிறியதுதான் என்றாலும் சுட்டுவிரல் அதில் வந்து உட்காரும் இடம் உடனே தெரிகிறது. வடிவத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பல காலமாக எத்தனையோ பேர் பையில் இருக்கும் வட்டு இது.

பிளாஸ்டிக்குகளை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பிரைமும் மூன்று கிளாசிக்குகளும் விலை குறைந்த அடிப்படை வகை. லூசிடும் ஃபியூஷனும் உயர்வகை. பொதுவாக இந்த விளையாட்டில் உயர்வகை என்று விற்கப்படுபவை பாலியூரத்தேன் சார்ந்த பொருள்கள். மரத்தில் மோதினாலும் கல்லில் உரசினாலும் எளிதில் சிதையாதவை. ஆனால் அந்த உறுதிக்குக் கொடுக்கும் விலை மேற்பரப்பின் வழுவழுப்பு. அடிப்படை வகையில் கணக்கு தலைகீழ்: விரல் பற்றும், ஆனால் தேயும். டிரைவருக்கு உயர்வகையைத் தேடி வாங்குகிற அதே ஆட்டக்காரர்கள் புட்டருக்கு மட்டும் மலிவான பிளாஸ்டிக்கை விரும்பித் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். சங்கிலியில் மென்மையாக மோதுகிற வட்டுக்கு மரத்தைத் தாங்கும் வலிமை தேவையில்லை, பிடிப்புத்தான் தேவை.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே அச்சில் உருக்கி ஊற்றினாலும், ஆறும்போது ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவில் சுருங்குகிறது. அதனால் வட்டின் மேற்தளம் சில வகைகளில் தட்டையாகவும் சில வகைகளில் குவிந்தும் அமைகிறது. விளிம்பில் அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு ஏறியோ இறங்கியோ போகிறது. கோடு மேலே இருந்தால் வட்டு முடிவில் அதிகமாகச் சாயும். கீழே இருந்தால் நேராகவோ எதிர்ப்பக்கமாகவோ போகும். ஆகவே நிறுவனம் தரும் அந்த நான்கு பறத்தல் எண்களும் எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

இனி மூன்று கிளாசிக்குகள். வட்டின் இரு ஓரங்களையும் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். வெறும் கிளாசிக், அதாவது கடினமானது, சற்று நெளிந்து எதிர்க்கும். விட்டவுடன் பழைய நிலைக்குத் தெறித்துத் திரும்பும். சாஃப்ட், பழைய சைக்கிள் டியூபைப் போலக் கையோடு மடங்கும். பிளெண்ட் இவ்விரண்டும் கலந்து செய்யப்பட்டது. விளிம்பு உறுதியாக நிற்க, நடுத்தளம் மட்டும் பெருவிரலுக்குச் சற்று இணங்கும். மேற்பரப்பிலும் வேறுபாடு உண்டு. கிளாசிக்கின் மேல் விரலை ஓட்டினால் உலர்ந்த, பொடிபூசினாற்போன்ற தொடுகை. சாஃப்டின் மேல் ஓட்டினால் விரல் நின்று நின்று போகும்.

சாஃப்டை வாங்குவோர் சொல்லும் காரணம், அது சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும், துள்ளி வெளியே வராது என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மிருதுவான வட்டு மோதும்போது தானே நெளிந்து வேகத்தின் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கிறது. கூடையின் இரும்பு ஓரத்தில் பட்டாலும் அதிகம் தெறிக்காது. தவறிப்போன புட்டும் தரையில் விழுந்த இடத்திலேயே கிடக்கும். சரிவில் நிற்கும் கூடைகளில், உருண்டு இறக்கத்தில் ஓடாமல் இருப்பது சாதாரண நன்மையல்ல. ஆனால் சங்கிலியின் நடுவில், சரியான உயரத்தில், அளவான வேகத்தில் வந்த வட்டு எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் நிற்கும். கம்பத்தின் ஓரத்தை மட்டும் தொட்டு வேகமாக வந்தது எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் பெரும்பாலும் வெளியேறும். இரண்டுக்கும் நடுவேயுள்ள சில புட்டுகளைத்தான் மிருதுத்தன்மை காப்பாற்றும். அந்தச் சிலவற்றுக்காக, ஒவ்வொரு புட்டிலும் வட்டு கையை விட்டு விடுபடும் விதத்தை விட்டுக்கொடுப்பது எனக்கு நல்ல பேரமாகத் தோன்றவில்லை.

விடுபடும் விதம் என்று நான் சொல்வது இதுதான். புட் போடுவோர் இரு வகையினர். மணிக்கட்டைச் சொடுக்கி நிறையச் சுழற்சி கொடுத்து நேர்கோட்டில் அனுப்புவோர் ஒரு வகை. கையை முன்னே நீட்டி, சுழற்சி குறைவாக, வளைவாகத் தூக்கிப் போடுவோர் மறு வகை. சுழற்சி கொடுப்பவரின் விரல்கள் கடைசி நொடியில் விளிம்பை இழுத்து விடுகின்றன. அந்த நேரத்தில் விளிம்பு நெளிந்தால் வட்டின் மூக்கு, அதாவது முன் விளிம்பு, நிமிர்ந்துவிடும். மூக்கு நிமிர்ந்த வட்டு 8 மீட்டரில் கூடையின் மேல் வளையத்தில் இடிக்கும். அவர்களுக்குக் கடினமான கிளாசிக்கோ பிளெண்டோதான் ஏற்றது. தூக்கிப் போடுவோருக்கு விரல் அழுத்தம் குறைவு. மேற்பரப்பு தானாகப் பற்ற வேண்டும். அவர்களில் சிலருக்குச் சாஃப்ட் உண்மையிலேயே பொருந்தும். என் முறை முதல் வகையைச் சேர்ந்தது என்பதால் என் தீர்ப்பும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பதை வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்க.

தட்பவெப்பம் இந்தக் கணக்கையே மாற்றும். குளிரில் எல்லாப் பிளாஸ்டிக்கும் இறுகும். ஜூலையில் வெண்ணெயாக இருந்த சாஃப்ட் ஜனவரியில் பிளெண்டைப் போல நடந்துகொள்ளும். கடினமான கிளாசிக்கோ உறைபனிக் காலையில் விரல் மரத்துப்போனவரின் கையில் வழுக்கும். வெயிலில் இதற்கு நேர்மாறு: சாஃப்ட் மேலும் தளர்ந்து, வியர்வையும் தூசியும் சேர்ந்து பிசுபிசுக்கும், துடைத்தாலும் அடுத்த கூடைக்குப் போவதற்குள் மறுபடி படியும். கோடையிலும் குளிரிலும் ஆடுகிறவர் ஒரே பிளாஸ்டிக்கோடு ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டுமென்றால், இரு பக்கமும் அதிகம் விலகாத பிளெண்ட்தான் பாதுகாப்பான தேர்வு. மழையில் எந்த வகையும் துண்டில்லாமல் உதவாது.

பிரைம் மலிவு, பிடிப்பு உண்டு, பழகுவதற்குப் போதும். அதைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. கிளாசிக் பிளெண்டுக்கும் அதற்கும் விலையில் சிறிதே வேறுபாடு என்பதால், முதல் முறை வாங்குபவரும் பிளெண்டுக்கே போய்விடலாம்.

லூசிடும் ஃபியூஷனும் வேறு வேலைக்கு. 60, 70 மீட்டர் தொலைவிலுள்ள கூடைக்கு டீயிலிருந்து புட்டரை வீசுவது இந்த ஆட்டத்தின் மிக நேர்த்தியான வீச்சுகளில் ஒன்று. டிரைவரைப் போலப் பக்கவாட்டில் ஓடாமல், வட்டு மிதந்து சென்று அமைதியாக இறங்கும். ஆனால் அந்த வீச்சில் மரம் குறுக்கே வரும். அடிப்படைப் பிளாஸ்டிக் மரத்தில் சில தடவை அடிபட்டால் விளிம்பின் ஓரத்தில் நகத்தால் கீறினாற்போல் சிறு செதில்கள் எழும். பிறகு முனை மழுங்கும். வட்டு நாளுக்கு நாள் வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். லூசிட் அதைத் தாங்கும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் இந்த வகை உறுதியானது, சற்று வழுவழுப்பானது. ஃபியூஷன் ஒளி ஊடுருவாதது; கையில் லூசிடைவிட நன்றாகப் பற்றும். வீசுவதற்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் நான் ஃபியூஷனை எடுப்பேன். விலை அடிப்படை வகையைவிட அதிகம்.

தேய்வதைக் குறை என்று மட்டும் பார்க்க வேண்டாம். வேண்டுமென்றே பிளெண்டை டீயிலிருந்து வீசித் தேய்த்து, மெல்ல வலப்பக்கம் வளைந்து நேராகும் ஒரு வட்டாக அதைப் பழக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்; கடையில் வாங்க முடியாத பறத்தல் அது. ஆனால் அதற்கென்று தனி வட்டை ஒதுக்க வேண்டும். கூடைக்குப் போடும் வட்டையே டீயிலிருந்து வீசுவது, கையின் நினைவைக் குலைத்துக்கொள்வதற்குச் சமம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிப்படி ஒரு வட்டின் எடை, அதன் விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக்கூடாது, 21 செ.மீ. சொச்சம் விட்டமுள்ள புட்டருக்கு இது ஏறக்குறைய 175 கிராம். காற்றடிக்கும் மைதானத்தில் ஆடுகிறவர் 173 கிராமுக்குக் குறையாமல் எடுப்பது நல்லது. ஒரே பிளாஸ்டிக்கில், ஒரே எடையில், இயன்றால் ஒரே நேரத்தில் இரண்டு வாங்குங்கள். ஒன்று குளத்தில் போனால் மற்றது இருக்கும், பயிற்சிக்கும் இரண்டு வேண்டும். எந்த நிறுவனமாக இருந்தாலும் ஒரு வார்ப்புக்கும் அடுத்த வார்ப்புக்கும் கடினத்தன்மை சற்று மாறும் என்பதால், கடையில் நேரில் அழுத்திப் பார்த்து எடுப்பதே மேல். இணையத்தில் வாங்கினால், அழுத்திப் பார்த்துச் சொல்லும் விற்பனையாளரிடம் கேட்டு வாங்கலாம். விளிம்பில் வார்ப்பின் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் மென்மையாகத் தேய்க்க விதியில் இடமுண்டு; பறக்கும் தன்மை மாறும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. விரிசல் விட்ட வட்டைப் போட்டியில் பயன்படுத்த முடியாது. நிறத்தில் புல்லின் பச்சையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஜட்ஜ் கிடைக்காத ஊரில் மற்ற நிறுவனங்களின் புட்டரை வாங்கவும் இந்தக் கணக்கு உதவும். லாட்டிட்யூட் 64 தன் ஸீரோ வரிசையிலும், வெஸ்ட்சைட் தன் பி.டி. வரிசையிலும் சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்று மூன்று படிகள் வைத்திருக்கின்றன, எம்.வி.பி.யின் எலக்ட்ரானிலும் மூன்று படிகள் உண்டு, அதில் கடினமானதன் பெயர் ஃபர்ம். டிஸ்க்மேனியா, ஃபிளெக்ஸ் 1, 2, 3 என்று எண்ணிட்டிருக்கிறது, 3 கடினமானது. இவற்றில் நடுப்படிதான் பிளெண்டுக்கு நெருக்கமானது. இன்னோவாவின் ஏவியாரில் கே.சி. புரோ கடினத்தின் பக்கம், ஆர்-புரோ ரப்பரைப் போன்ற மிருதுவின் பக்கம். ஜட்ஜின் வடிவம் பிடித்து, அந்தப் பீட் மட்டும் விரலை உறுத்துகிறது என்பவர், அதே நிறுவனம் பீட் இல்லாமல் செய்யும் வார்டனைப் பார்க்கலாம். அதிலும் கிளாசிக் பிளெண்ட் உண்டு, மேலே சொன்னதில் எதையும் மாற்றத் தேவையில்லை.